பிக்கப் வண்டியிலிருந்து நாஸ்காருக்கு வந்த டிரக் ஆர்ம்

(திரையில்: ஜாக்கியில் ஏற்றிய பழைய ஸ்டாக் கார். கேமரா பின்பக்கமாக அடியில் போகிறது.)

அடியில் இரண்டு நீளமான இரும்புக் கைகள் தெரிகின்றன, பாருங்கள். பின் ஆக்சிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பி, முன்னால் போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, காரின் நடுப்பகுதியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் போய் மாட்டியிருக்கின்றன. இவைதான் டிரக் ஆர்ம். 1960-ல் ஷெவர்லே தன் பிக்கப் வண்டிகளில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங்கும் இந்த மாதிரிக் கைகளும் வைத்தது, 1972 மாடல் வரை அப்படித்தான் வந்தது. சுமை ஏற்றுவதற்காகச் செய்த அந்த ஏற்பாட்டை அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்காரின் மெக்கானிக்குகள் ரேஸ் காருக்குக் கொண்டுபோனார்கள். அதன் உச்சப் பிரிவில் 2021 சீசன் முடியும்வரை ஓடியது இந்த அமைப்புதான்.

இதைப் பார்த்து "அமெரிக்காக்காரர்களுக்கு சஸ்பென்ஷன் தெரியாது, ஐரோப்பாவில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்த பிறகும் முரட்டு ஆக்சிலையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்" என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் ஒரு முழு ஆக்சிலை காருக்கு அடியில் நிறுத்திவைக்க என்னென்ன வேண்டும்? எடையைத் தாங்க வேண்டும். ஆக்சில் முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வேண்டும், அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் கூடு தன்னைத்தானே பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும், அதையும் தடுக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் இந்த எல்லா வேலையையும் தானே செய்கிறது. அதனால் வேகம் வராது என்று நினைக்க வேண்டாம். 1970 மார்ச்சில் டலடேகா பந்தயத் தளத்தில் டிரைவர் பட்டி பேக்கர் மணிக்கு 200 மைலைத் தாண்டிய டாட்ஜ் சார்ஜர் டேடோனாவுக்குப் பின்னால் இருந்தது பட்டை ஸ்பிரிங்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் பிடியும் சேர்ந்து தளர்ந்துவிடும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும்.

டிரக் ஆர்ம் அமைப்பில் வேலைகள் பிரிந்துவிடுகின்றன. எடைக்குத் தனியாக காயில் ஸ்பிரிங். பக்கவாட்டுக்கு ஒரு குறுக்குத் தண்டு, அதை நாஸ்காரில் டிராக் பார் என்பார்கள். மீதி இரண்டு வேலையும் இந்தக் கைகளுக்கு.

(திரையில்: கையின் குறுக்குவெட்டு, ஆங்கில ஐ எழுத்து வடிவம்.)

இந்த வடிவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. இரண்டு சி வடிவச் சட்டங்களை முதுகோடு முதுகு சேர்த்தால் ஐ வடிவம் கிடைக்கும். மேலும் கீழும் வளைக்கப் பார்த்தால் அசையாது, ஆனால் முறுக்கினால் ஓரளவு முறுகிக்கொடுக்கும். கைகள் ஆக்சிலோடு இறுக்கமாக போல்ட் போட்டவை, முன்முனையில் மட்டும் கொஞ்சம் அசைய விடும் புஷ் இருக்கிறது. வளைவில் கார் சாயும்போது ஆக்சில் ஒரு கோணத்திலும் சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், வேறு கோணத்திலும் நிற்கும், அந்த வித்தியாசத்தை யாராவது விழுங்கியாக வேண்டும், கைகள் முறுகி அதை விழுங்குகின்றன. முன்முனைகள் நெருக்கமாக இருப்பதால் முறுக்கமும் அதிகம் தேவைப்படாது. பலமாக இருக்கட்டும் என்று இதற்குப் பதில் பெட்டிக் குழாயை வெல்டு பண்ணிவைத்தால், அது முறுகாது, பின்பக்கம் முழுவதும் கார் சாயாமல் தடுக்கும் ஒரு பெரிய ஆன்ட்டி ரோல் பார் போல விறைத்துவிடும், வளைவில் கார் வாலை வெளியே போடும்.

கையின் நீளமும் சும்மா வைத்ததில்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீளம். ஆக்சில் கூட்டைச் சுற்றவைக்கும் திருகுவிசை இவ்வளவு நீளத்துக்குப் பரவுவதால் முன்முனையில் சேசிஸ் மேல் விழும் விசை குறைந்துவிடுகிறது, டிரைவர் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டாலும் மிதித்தாலும் பின்பக்கம் துள்ளாமல் மெதுவாகவே பதில் சொல்கிறது. டேடோனா பந்தயத் தளம் மாதிரி 31 டிகிரி சரிவுள்ள ஓவலில், அதாவது நீள்வட்டப் பாதையில், நாற்பது கார்களுக்கு நடுவே ஓட்டுபவருக்கு வேறென்ன வேண்டும்!

(திரையில்: பின்னாலிருந்து பார்த்த படம். டிராக் பார் மட்டும் சிவப்பில்.)

டிராக் பாரின் இடது முனை ஆக்சிலில், வலது முனை சேசிஸில். ஓவலில் எப்போதும் இடப்பக்கமே திரும்புகிறார்கள், காரின் உடல் வலப்பக்கம் தள்ளப்படுகிறது, ஆகவே தண்டு இழுபடுகிறது. நீளமான மெல்லிய தண்டு நசுங்குவதைவிட இழுபடுவதை நன்றாகத் தாங்கும். இந்தத் தண்டை உயர்த்தினால் கார் லூஸ் ஆகும், அதாவது வால் வெளியே போகப் பார்க்கும். தாழ்த்தினால் டைட், முன்சக்கரம் திரும்ப மறுக்கும்.

ஸ்பிரிங்கைக் கீழே அழுத்த அதன் தலையில் ஒரு திருகு இருக்கும். நாலு கால் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் அந்தக் காலும் எதிர்மூலைக் காலும்தான் கனத்தை வாங்கும் இல்லையா, இங்கேயும் அதேதான். இடது பின் திருகை இறக்கினால் இடது பின் சக்கரத்துக்கும் வலது முன் சக்கரத்துக்கும் எடை கூடும், கார் டைட் ஆகும். பந்தயத்தின் நடுவே கார் சற்று நிற்கும் பிட் ஸ்டாப்பில் பின் கண்ணாடியில் உள்ள துளை வழியாக நீண்ட ஸ்பேனரை விட்டுச் சில நொடியில் இதைத் திருப்பிவிடுகிறார்கள். பந்தயம் நடக்கும்போதே காரின் குணத்தை இவ்வளவு எளிதாக மாற்ற முடிந்ததுதான் இது நிலைத்ததற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

குறை இல்லாமலில்லை. டிஃபரென்ஷியல் முதல் ஹப் வரை மொத்தக் கனமும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். வாட்கின்ஸ் கிளென் போன்ற சாலை வகை டிராக்குகளில் கடுமையாக பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் தடதடவென்று துள்ளுவது டிரைவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. 2022-ல் வந்த புதிய நாஸ்கார் காரில் தனித்தனி சஸ்பென்ஷனும் பின்னால் கியர்பாக்ஸும் வந்துவிட்டன.

சரி, பழைய ஸ்டாக் கார் ஒன்றின் அடியில் நீங்களே குனிந்து பார்க்க நேர்ந்தால், முதலில் அந்தக் கைகளின் முன்முனை மாட்டியிருக்கும் சட்டத்தைப் பாருங்கள். சில கார்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல துளைகள் இருக்கும். எந்தத் துளையில் போல்ட் போட்டிருக்கிறது, இடதும் வலதும் ஒரே உயரமா என்று கவனியுங்கள். அப்புறம் டிராக் பாரின் இரண்டு முனை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கடைசியாக அதைத் தயார் செய்தவர் காரை லூஸாக விரும்பினாரா டைட்டாக விரும்பினாரா என்பது இந்த அளவுகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.