குட்டைத் தூண்களின் மேல் ஓர் உயர்ந்த கூடம்: கோர்டோபா பெரிய பள்ளிவாசல்

[காட்சி: அரையிருளில் தூண் வரிசைகள்]

தென் ஸ்பெயினில், அரபியர் குர்துபா என்றழைத்த கோர்டோபா நகரில், குவாதல்கிவீர் ஆற்றின் கரையருகே நிற்கும் இந்தப் பள்ளிவாசலில் இன்று ஏறத்தாழ 850 தூண்கள் உள்ளன. உமையா அரச மரபின் முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் பணியைத் தொடங்கியபோது, தூண்களில் பெரும்பாலானவை ரோமானியர் காலக் கட்டடங்களிலிருந்தும், அரபியருக்கு முன் ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியர் காலக் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வரப்பட்டன. அவை உயரத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பெரிய கூடத்துக்கு வேண்டிய உயரமும் அவற்றுக்கு இல்லை.

[காட்சி: ஒரே ஒரு தூண், அடியிலிருந்து மேல்நோக்கி]

பெயர் தெரியாத அந்தக் கொத்தனார்கள் என்ன செய்தார்கள் என்பதை ஒரு தூணை மட்டும் நிதானமாகப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். போதிகையின் மேல் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் சதுரக் கட்டைத்தூண் ஒன்றை எழுப்பினார்கள். தூணுக்குத் தூண் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளைவுகள் இணைக்கின்றன. கீழே உள்ள லாட வடிவ வளைவு எந்தச் சுவரையும் தாங்காமல் வெறும் வெளியில் நின்று, இரு தூண்களும் விலகிச் சாயாதபடி பிடித்துக்கொள்கிறது. கூரையின் பாரத்தை ஏற்பது அதற்கும் மேலே உள்ள அரைவட்ட வளைவு. மேலே போகப் போகத் தடிப்புக் கூடுகிறது என்பதுதான் இதில் விந்தை: மெலிந்த தூணின் உச்சியில் அமரும் சுவர், மழைநீர் வடிகால்களைச் சுமக்கும் அளவுக்கு அகலமானது. செங்கல்லும் வெளிர்க்கல்லும் மாறிமாறி வரும் அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். எனக்கோ அந்தத் தலைகீழ்க் கணக்கே பெரிதாகத் தோன்றுகிறது.

[காட்சி: மிஹ்ராபின் பொன்னிற முகப்பு]

பின்வந்தவர்கள் கூடத்தை ஆற்றை நோக்கித் தெற்கே நீட்டினார்கள். கலீபா இரண்டாம் ஹகம் 960களில் கட்டிய மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், வழக்கமான சுவர்க் குழிவாக இல்லாமல் தனி அறையாகவே அமைந்துள்ளது. அதன் முகப்பில் மின்னும் கண்ணாடிச் சில்லுகளையும், அவற்றைப் பதிக்கத் தெரிந்த கைவினைஞரையும் பைசாந்தியப் பேரரசர் அனுப்பிவைத்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

987இல், கலீபாவின் பெயரால் ஆட்சி நடத்திய அமைச்சர் அல்மன்சூர் விரிவுபடுத்த முனைந்தபோது தெற்கே ஆறு குறுக்கிட்டதால், கிழக்குப் பக்கமாக 8 பத்திகளை (தூண் வரிசைகளுக்கு இடையிலான நடைவெளிகளை) சேர்த்தார். 11 பத்திகள் 19 ஆயின. மிஹ்ராபோ, தொழுகைத் திசையில் உள்ள கிப்லாச் சுவரின் நடுவை இழந்தது. இந்தப் பகுதியின் வளைவுகளை உற்றுப் பார்த்தால், சிவப்புப் பட்டைகள் பெரும்பாலும் செங்கல் அல்ல, கல்லின் மேல் பூசிய சாயம் என்பது தெரியும்.

[காட்சி: தூண்களுக்கிடையே திடீரென வெளிச்சம்]

1236இல் காஸ்டீல் நாட்டுக் கிறித்தவ மன்னர் மூன்றாம் பெர்னாந்து நகரைக் கைப்பற்றியபின் பள்ளிவாசல் கிறித்தவப் பேராலயமானது. ஆயினும் தூண்களின் நடுவே உயர்ந்த ஆலயக் கூடம் எழுப்பும் வேலை 1523இல்தான் தொடங்கியது. நகர மன்றம் அதைக் கடுமையாக எதிர்த்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி தந்துவிட்டார். நடுவில் நின்ற தூண்கள் பல அகற்றப்பட்டன. புதிய கூடத்தின் பருத்த சுவர்களில், பழைய வளைவுகள் சில பாதி புதைந்த நிலையில் இன்றும் தெரிகின்றன.