மலை உச்சியில் தப்புத் திசையில் ஒரு படிக்கட்டு!

வணக்கம் நண்பர்களே! மலை சரிந்தால், வெட்டு விழுந்த பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்து இருக்க வேண்டும், இல்லையா? ஆனால் ஆல்ப்ஸ், நியூசிலாந்து, கலிஃபோர்னியா என்று பல இடங்களில், முகட்டை ஒட்டி நிலத்தில் படி மாதிரி விழுந்த வெட்டுகள் உச்சியைப் பார்த்து நிற்கின்றன. இது எப்படி?

1989 அக்டோபர் 17. கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம், அளவு 6.9. அங்கே ஓடும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு (இரு பக்கப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நகரும் நீண்ட விரிசல்) தரையைக் கிழித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் தேடிப் போனார்கள். அப்படித் தெளிவான கிழிசல் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக சம்மிட் சாலைப் பக்கம், முகட்டின் மேலே நிலம் வாய் பிளந்து கிடந்தது. 1906 நிலநடுக்கத்திலும் இதே முகட்டுப் பகுதியில் வெடிப்புகள் விழுந்திருக்கின்றன!

ஏன் முகடு? நிலநடுக்க அலைகள் மேலே வர வர குறுகிய பாறைக்குள் குவிகின்றன, உச்சி அதிகமாக ஆடுகிறது. கலிஃபோர்னியாவின் 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில், பக்கோய்மா அணைக்கு மேலே ஒரு பாறை முகட்டில் இருந்த கருவி 1.25 ஜி முடுக்கத்தைப் பதிவு செய்தது. புவியீர்ப்பை விட அதிகம்! முகட்டின் வடிவமும் அதற்கு ஒரு காரணம்.

சரி, படி ஏன் மேலே பார்க்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அலமாரியில் நிற்கும் புத்தக வரிசையை மெதுவாக வலப்பக்கம் சாயுங்கள். மேல் விளிம்புகளைப் பாருங்கள்: ரம்பப் பல் மாதிரி படிகள், எல்லாம் இடப்பக்கம் பார்த்தபடி! செங்குத்தான பாறை அடுக்குகள் பள்ளத்தாக்குப் பக்கம் சாயும்போதும் இதுதான் நடக்கிறது. மலை வெளியே சாய்கிறது, படி உள்ளே பார்க்கிறது. அந்தப் படிக்குப் பின்னால் மழைநீர் தேங்கிக் குட்டைகூட உருவாகும்.

இதற்கு நிலநடுக்கம் கட்டாயம் இல்லை. பனியாறு உருகிப் போய்ச் சரிவுக்கு இருந்த முட்டு போனாலும் மலை தன் எடையிலேயே தொய்யும்.

அப்படியானால் எது எதனால் வந்தது? படியின் குறுக்கே பள்ளம் தோண்டி, மண்ணடுக்குகளின் வயதைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வளைந்திருந்தால் மெதுவான நகர்வு. சட்டென்று வெட்டுப்பட்டு, மேலே புது மண் மூடியிருந்தால் ஒரே குலுக்கலில் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெரிய மழைக்குப் பிறகும் சரிவு சட்டென்று நகரலாம். அதனால் ஒரே ஒரு பள்ளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. இந்தப் படியைப் பிளவுக்கோடு என்று தப்பாக எடுத்துக்கொண்டால், அந்த ஊரின் நிலநடுக்க ஆபத்துக் கணக்கே மாறிவிடும்.

நீங்களும் பார்க்கலாம். செயற்கைக்கோள் படத்தில் ஒரு மலைத்தொடரைத் திறங்கள். கோடு முகட்டோடு சேர்ந்து வளைந்தால், அது மலையின் தொய்வாக இருக்கலாம். முகடு, பள்ளத்தாக்கு எதையும் பொருட்படுத்தாமல் நேராக வெட்டிக்கொண்டு போனால், பிளவுக்கோட்டைச் சந்தேகப்படுங்கள். கண்டுபிடித்த இடத்தைக் கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்ப்போம்.