வெள்ளம் குடிச்சியா மக்களே?

(தக்கலை அருகே ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, அழைத்த உடனே வருகிறேன் என்று சொல்லி வந்தும்விட்ட வனத்துறை அலுவலர் அவர்களே, கல்லூரியில் எனக்கு விலங்கியல் சொல்லித்தந்த பேராசிரியை அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஊர்ப் பெரியவர்களே, விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டப் போய்விட்டு, தூக்கத்தையும் தள்ளிவைத்து இங்கே வந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நூலகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒரு அட்டைக்கு இத்தனை புத்தகம்தான் என்ற கணக்கைப் பார்க்காமல், பறவைப் படம் போட்ட புத்தகங்களை எல்லாம் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பியவர் அவர். எனக்குப் பொன்னாடை போர்த்திய மகளிர் குழுத் தலைவிக்கும், மேடையேறும்போது என் கையில் இரண்டு மட்டி வாழைப்பழத்தை வைத்த அவர் மகளுக்கும் நன்றி. நம் கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். விலங்குக் காப்பாளர் பயிற்சிக்காக வெளியூரில் இருந்த மூன்று மாதமும் நான் ஏங்கியது அந்தப் பழத்துக்குத்தான்.

இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். விலங்குக் காப்பாளர் வேலை எப்படிப்பட்டது, அந்தப் பயிற்சிக்கு நம் பிள்ளைகள் எப்படிப் போகலாம், நம் மாவட்டத்துக்கு என்ன தேவை.

அதற்கு முன் என் ஆச்சியின் பழமொழி ஒன்று. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற அர்த்தத்தில்தான் ஊரில் இதைச் சொல்வார்கள். ஆச்சி சொல்லும்போது அர்த்தமே வேறு. வாழைக்கன்றை நட்டுவிட்டு விளையாடப் போன எங்களை இழுத்துவந்து, கையில் குடத்தைக் கொடுத்துவிட்டுச் சொல்வாள். வைத்தது நீதானே, நீயே ஊற்று.

நான் இன்டர்ன்ஷிப் போனது கர்நாடகத்தில், வெளிநாட்டு விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு சரணாலயத்துக்கு. ஆசைக்கு வாங்கி, வளர்க்க முடியாமல் விட்டவையும், கடத்தலில் பிடிபட்டவையும்தான் அங்கே அதிகம். போகும்போது குட்டிகளுக்குப் பால் புகட்டலாம் என்ற நினைப்பு எனக்கு. முதல் நாள் கையில் கிடைத்தது துடைப்பமும் வாளியும்தான். காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். கூண்டுக்குள் நுழையும் முன் வெளியே நின்று தலை எண்ண வேண்டும். நேற்று வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம் என்று எடைபோட்டு நோட்டில் எழுத வேண்டும். எச்சத்தின் நிறம், இறுக்கம், நாற்றம் எல்லாம் பார்க்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாத உயிருக்கு அதுதான் வாய். பூட்டைப் பூட்டியபின் இழுத்துப் பார்த்து, 'பூட்டியாச்சு' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கூட நிற்பவர் தானும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் நான் இழுத்துப் பார்க்காமல் வந்துவிட்டேன். மூத்த காப்பாளர் திட்டவில்லை. என்னைத் திரும்பக் கூட்டிப்போய், அதே பூட்டைப் பத்து முறை பூட்டித் திறக்கச் சொன்னார்.

சரி, அந்தக் கிளியின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாலும் தப்பில்லை.

இரண்டாவது வாரம், வாசலில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. அதன் சொந்த ஊர் மத்திய, மேற்கு ஆப்பிரிக்கக் காடுகள். உடம்பு சாம்பல் நிறம், வால் மட்டும் செக்கச்செவேல். மனிதர் பேச்சை அப்படியே பிடித்துக்கொள்ளும். நல்ல பராமரிப்பில் நாற்பது, ஐம்பது வருடம்கூட இருக்கும். இந்தக் கிளிக்கு நெஞ்சில் ஒரு சிறகுகூட இல்லை. உரித்த கோழி மாதிரி தோல் தெரிந்தது. எல்லாம் அது தானே பிடுங்கிப் போட்டது. துணையில்லாமல் தனியாகக் கிடந்தால் இந்த இனம் அப்படிச் செய்யும். பெட்டிக்குள் சூரியகாந்தி விதை மட்டும் இருந்தது. வெறும் விதையைத் தின்றே வளரும் சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து வலிப்புகூட வரும்.

புதிதாக வரும் பிராணியிடமிருந்து மற்றவற்றுக்கு நோய் பரவாமல் இருக்கத் தனியாக வைக்கும் தனிமைக் கூடத்தில் வைத்தோம். அன்று ராத்திரி இருமல் சத்தம் கேட்டது. காறிக் காறி இழுக்கும் இருமல். மருத்துவர் ஓடிவந்தார், எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சில் ஒன்றுமே இல்லை. மறுநாளும் அதே இருமல். மூன்றாவது நாள்தான் அவர் சொன்னார், இது நோயில்லை, யாரோ வயதானவர் இருமியதைக் கேட்டுப் பழகியிருக்கிறது என்று. கிளி எதையும் தின்னவில்லை. யார் போனாலும் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் நாள் சாயங்காலம் நான் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு கிழவியின் குரல், தெளிவாக: "வெள்ளம் குடிச்சியா மக்களே?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கை நடுங்கியது. வெள்ளம் என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு அங்கிருந்தவர்கள் மலையாளம் என்றார்கள். எனக்குத் தெரியாதா? தண்ணீரை வெள்ளம் என்று சொல்லி, பிள்ளையை மக்களே என்று கூப்பிட்டு, குடிச்சியா என்று தமிழில் கேட்பது எந்த ஊர்? நம் மாவட்டத்துக் கல்குளமும் விளவங்கோடும்தானே! அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், மொழி தெரியாத ஆட்கள் நடுவில், என் ஆச்சி பேசியது போல இருந்தது. நானும் சொன்னேன், "குடிச்சேன் ஆச்சி." கிளி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. கம்பியோரம் நகர்ந்து வந்தது. நறுக்கின பூசணியை நீட்டினேன், வாங்கிக்கொண்டது. அப்புறம் முருங்கைக்கீரை, கேரட் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினோம். தினமும் காலையில் அது கேட்கும், நான் பதில் சொல்வேன். நான் ஊருக்குக் கிளம்பிய நாளிலும் கேட்டது.

யார் வீட்டுக் கிளி என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. என் ஊகம் இதுதான். ஏதோ ஒரு வீட்டில், தனியாக இருந்த ஆச்சிக்குப் பேச்சுத்துணையாகப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சி போய்விட்டாள், கிளி மட்டும் நின்றுவிட்டது. எந்தப் பிள்ளை வீட்டிலும் அதற்கு இடமில்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றவில்லை. நெஞ்சில் சிறகு முளைக்கும் குழிகள் பல கெட்டுவிட்டதால், அங்கே இனி முளைக்காது என்று மருத்துவர் சொன்னார்.

நான் கேட்பது இதற்குத்தான். இப்படி ஒரு உயிரை ஒப்படைக்க நம் மாவட்டத்தில் ஒரு மீட்பு மையம் வேண்டும். 402 சதுர கிலோமீட்டரில் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. உதயகிரிக் கோட்டையில் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டுப் பிராணிகளைப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவர், தனிமைக் கூடம், பயிற்சி பெற்ற காப்பாளர்கள், இவ்வளவும் ஒரே இடத்தில் வேண்டும். இடமில்லாததால் என்ன நடக்கிறது? காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமையை மீன் தொட்டிக் கடையில் வாங்குகிறார்கள். தட்டு அளவுக்கு வளர்ந்ததும் குளத்தில் விடுகிறார்கள். அது அமெரிக்க ஆமை. நம் குளத்து ஆமையின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியவை. அந்தத் தண்ணீரிலா அதை விடுவது? கொங்குப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் 2012இல் கவிழ்ந்தபோது பறவைகள் பட்டினி கிடந்ததை மறந்துவிட்டோமா? பணம் போட்டவர்கள் அழுதது பத்திரிகையில் வந்தது. அந்தப் பறவைகளும் வைத்த மரங்கள்தான். தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம், அதற்குப் பதிவு என்பதே கிடையாது. மேடையில் இருக்கும் வனத்துறை அலுவலர் இதை என்னைவிட நன்றாக விளக்குவார்.

பயிற்சிக்கு எப்படிச் சேருவது என்று பேசுவதாகச் சொன்னேன். நேரமாகிவிட்டது, தலைவர் அவர்கள் பேச வேண்டும். விருப்பமுள்ள பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், ஒவ்வொருவருக்கும் எழுதித் தருகிறேன். நம் மாவட்டத்திலேயே மையம் வந்துவிட்டால் நீங்கள் அறுநூறு கிலோமீட்டர் போகவே வேண்டாம்.

வாசலை ஒட்டிய மேசையில் மாவட்ட ஆட்சியருக்கான மனு இருக்கிறது. பேனா பக்கத்திலேயே இருக்கிறது, கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு கிளியோ ஆமையோ இகுவானா என்ற பெரிய ஓணானோ இருந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள். பெயர் கேட்கமாட்டேன். அது என்ன தின்கிறது என்று மட்டும் கேட்பேன். நன்றி, வணக்கம்.