கொழும்பில் துணி நாப்பி: எது விரைவில் காயும் என்பதே முதல் கேள்வி

[காட்சி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடிப் பல்கனி. கொடியில் வெள்ளை நாப்பிகள். கடலுக்கு மேல் கருமேகம் திரள்கிறது.]

துணி நாப்பி வாங்கச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, அது எவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் என்பதையே. கொழும்பில் வாழ்பவர்கள் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று: பிழிந்து கொடியில் போட்டால் அது எத்தனை மணித்தியாலத்தில் காயும்? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்கிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் காலையில் வெயில் எறித்தாலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுகிறது. மழையில்லாத நாட்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. குளிர்நாட்டு வீடுகளில் சூடாக்கியின் அருகே உலர்த்தப்படும் தடித்த நாப்பியை, அங்கே நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்கி வந்தால், இங்கே அது இரண்டாம் நாளும் ஈரம் சொட்டாமல், ஆனால் காயாமலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

[காட்சி: மேசைமேல் ஒரு சதுரத் துணியும் ஒரு மேலுறையும்.]

நாப்பி செய்யவேண்டிய வேலைகள் இரண்டு. ஈரத்தை உறிஞ்சுவது ஒன்று. உறிஞ்சியது வெளியே கசியாமல் தடுப்பது மற்றொன்று. பழைய வேட்டியையோ நூல் சேலையையோ கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டிய நம் முன்னோர் முதல் வேலையைத் திறம்படச் செய்தார்கள். இரண்டாவது வேலையைத் தூக்கி வைத்திருந்தவரின் மடியே செய்தது. அதற்கு விடை தேடியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான மரியன் டொனோவன். அவர் 1946இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, துணிக்கு மேல் அணிவிக்கும் உறையொன்றை உருவாக்கினார். பின்னர் பரசூட்டுக்குப் பயன்படும் நைலோன் துணிக்கு மாறி, ஊசிகளுக்குப் பதிலாக அழுத்துப் பொத்தான்களை வைத்தார். 1951இல் காப்புரிமையும் பெற்றார். இன்று கடைகளில் கிடைக்கும் மேலுறைகள், பொலியெஸ்டர் துணியின் ஒரு பக்கத்தில் மெல்லிய பொலியூரித்தேன் படலம் ஒட்டப்பட்டவை. அந்தப் படலம் தண்ணீரைத் தடுத்தாலும் நீராவியை ஓரளவு வெளியேற விடுவதால், பழைய இறப்பர் காற்சட்டைகளைப் போல அவை பிள்ளையின் தோலை அவித்துவிடுவதில்லை.

உள்ளே எந்தத் துணியை வைப்பது என்பதில்தான் வகைகள் பெருகுகின்றன. உறிஞ்சும் அடுக்குகள் உறையோடு சேர்த்தே தைக்கப்பட்ட நாப்பி, அணிவிப்பதற்கு மிகவும் இலகுவானது. காய்வதற்கு மிகவும் பிந்துவதும் அதுவே. பை போன்ற உறைக்குள் தனித் துண்டைச் செருகும் வகையில், இரண்டையும் பிரித்து உலர்த்தலாம். மூங்கில் கூழிலிருந்து நூற்கும் விஸ்கோஸ் துண்டு மென்மையானது, நன்றாக உறிஞ்சும், ஆனால் மழைநாளில் பொறுமையைச் சோதிக்கும். மைக்ரோபைபர் எனும் நுண்ணிய செயற்கை இழைத் துண்டு விரைவில் காயும். எனினும் அழுத்தம் பட்டால் பிடித்த ஈரத்தை விட்டுவிடும், தோலின் இயல்பான ஈரத்தையும் இழுத்துவிடும் என்பதால் அதைப் பிள்ளையின் உடலோடு நேரே படவைக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் ஒப்பிட்டால், 60 முதல் 70 சென்ரிமீற்றர் அளவுள்ள ஒற்றை அடுக்குப் பருத்திச் சதுரத்தையே கொழும்பு வீடுகளுக்கு முதலில் பரிந்துரைப்பேன். மடிக்கும்போது அது பல அடுக்காகி உறிஞ்சுகிறது. விரிக்கும்போது ஒரே அடுக்காகிக் காற்றில் காய்கிறது. புறக்கோட்டைத் துணிக்கடைகளில் மென்மையான, நெருக்கமற்ற நெசவுள்ள பருத்தித் துணியை மீற்றர் கணக்கில் வாங்கி ஓரம் தைப்பித்துக்கொண்டால் செலவும் குறையும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா கட்டிக்கொண்டு வரும் பழைய வேட்டித் துண்டுகள் இன்னும் மேல். பல நூறு முறை தோய்க்கப்பட்ட அந்த நூல் உறிஞ்சுவதற்கு ஏற்கெனவே பழகியிருக்கும். புதிய பருத்தியிலோ நூலின் இயற்கை எண்ணெய்ப் பசை இருப்பதால், ஐந்தாறு முறை தோய்த்த பிறகே அது முழுமையாக உறிஞ்சத் தொடங்கும்.

பிறந்த சிசுவுக்கு நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு முறை மாற்றவேண்டி வரும். நாள்தோறும் தோய்ப்பவர்களுக்கு இருபத்துநான்கு சதுரங்களும் நான்கைந்து மேலுறைகளும் போதும்.

[காட்சி: மடித்த நாப்பியைப் பொம்மையொன்றுக்கு அணிவித்துக் காட்டுதல்.]

தொப்புள் கொடி காய்ந்து விழும் வரை நாப்பியின் முன்விளிம்பைக் கீழே மடித்து, கொடியின் எஞ்சிய பகுதி காற்றுப்படும்படி விட வேண்டும். இடுப்பில் இரு விரல்கள் நுழையும் தளர்வு இருக்கட்டும். மேலுறையின் கால்பகுதியிலுள்ள இழைப்பட்டி (இலாஸ்டிக்) தொடையின் நடுவில் அல்லாது, தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் அமர வேண்டும். பருத்தித் துணியின் நுனி உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈரம் அதன் வழியே சட்டைக்கு ஏறிவிடும். கால்கள் தவளையின் கால்களைப் போல மடங்கி விரிய இடமளிக்க வேண்டும். நீட்டிப் பிணைத்துக் கட்டுவது இடுப்பு மூட்டின் வளர்ச்சிக்கு நல்லதல்ல. முப்பத்தோராம் நாளில் அரைஞாண் கட்டும் வீடுகளில், இழைப்பட்டி அந்தக் கயிற்றைத் தோலோடு அழுத்தாதபடி பார்த்துக்கொள்வது அவசியம்.

[காட்சி: குளியலறையில் இரண்டு வாளிகள்.]

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். ஆறு மாதத்தில் திண்ம உணவு தொடங்கிய பின் அதை முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, அங்குள்ள கைக்குழாயின் நீரால் அடித்துக் கழுவ வேண்டும். முதல் அலசல் குளிர்ந்த நீரில் அமைவது நல்லது, வெந்நீர் கறையைப் படியச் செய்துவிடும். அதன் பிறகு வெந்நீரும் சலவைத்தூளும் கொண்டு தோய்த்து, நுரை போகும்வரை அலச வேண்டும். துணியை மணக்கச் செய்யும் மென்மையாக்கித் திரவத்தை நாப்பிக்குப் பயன்படுத்தவே கூடாது. அது இழைகளின்மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் துணியை மழைக்கோட்டாக மாற்றிவிடும். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் செல்பவர்கள், அங்குள்ள சுண்ணாம்புக் கற்படுகையின் கிணற்று நீர் கடினமானது என்பதை நினைவில் வைத்து, வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகத் தூள் சேர்த்துக் கூடுதலாக அலச வேண்டும்.

உலர்த்தும்போது சதுரங்களை வெயிலில் முழுமையாக விரித்துப் போடுங்கள். மஞ்சள் கறையை வெயிலே வெளுத்துவிடும். மேலுறைகளை மட்டும் நிழலில் போட வேண்டும், ஏனெனில் கடுவெயில் அவற்றின் படலத்தையும் இழைப்பட்டியையும் நலிவடையச் செய்யும். கடற்கரைப் பக்கப் பல்கனியில் உப்புக்காற்று துணியைப் பிசுபிசுக்க வைத்துவிடும். கொழும்புக் காகங்களைப் பற்றியோ நான் சொல்லத் தேவையில்லை. பொழுதுபடுமுன் பிள்ளையின் துணியை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு அவர்கள் தரும் காரணம் எதுவாயினும், அந்தி சாய்ந்ததும் துணி மீண்டும் ஈரம் வாங்கத் தொடங்குவது உண்மையே. மழைநாளில் இயந்திரத்தில் இரண்டாம் முறை சுழற்றிப் பிழிந்து, மின்விசிறியின் கீழ் இடைவெளி விட்டுப் போட்டு, மீந்த ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்கலாம். மேலுறைமேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது.

தோல் சிவப்பது பெரும்பாலும் மாற்றத் தாமதிப்பதால் வருவது. இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றியும், தொடை மடிப்புகளில் கடுஞ்சிவப்பும் அதைச் சுற்றிச் சிறு பருக்களும் தென்பட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். பவுடர் தூவ வேண்டாம், அதன் தூசி பிள்ளையின் மூச்சுக்குள் போகும்.

எந்த நிறுவனம் தயாரித்தாலும் நாம் 'பம்பர்ஸ்' என்றே அழைக்கும், ஒருமுறை பாவித்து வீசும் நாப்பியை இரவிலோ பயணத்திலோ பயன்படுத்துவது குற்றமன்று. ஆயினும் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நகரம் இது. வீசுவது எங்கோ போய்ச் சேர்கிறது. துணியும் தானாகவே தூய்மையான தெரிவாகிவிடுவதில்லை. பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை ஆண்டுக் காலத்துக்கு வீசும் நாப்பி ஏறக்குறைய 550 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடான தாக்கத்தையும், துணி நாப்பி 570 கிலோகிராமையும் ஏற்படுத்துவதாகக் கணக்கிடப்பட்டது. வெளியே கொடியில் உலர்த்தி, இயந்திரத்தை நிரப்பித் தோய்த்து, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் தாக்கம் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும் என்றும் அதே ஆய்வு காட்டியது. கொடியும் வெயிலும் நம்மிடம் உண்டு, மழை விட்டால்.

[காட்சி: மீண்டும் பல்கனி. மழை விட்டிருக்கிறது.]

ஆகவே இருபத்துநான்கையும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டாம். ஆறு சதுரங்களும் இரண்டு மேலுறைகளும் வாங்கி, மழையுள்ள ஒரு வாரத்தில் உங்கள் பல்கனியில், உங்கள் கொடியில் தோய்த்துப் போட்டுப் பாருங்கள். காய்ந்துவிட்டதா என்று துணியின் நடுவில் அல்ல, ஓரத் தையலில் தொட்டுப் பாருங்கள்.