அம்மா போய் எட்டு மாதம் கழித்து வந்த அழுகை

வணக்கம். இந்த வாரம் முதலில் எடுத்துக்கொள்கிற கேள்வி கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் சொல்லவில்லை. கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிச் சொல்கிறேன்.

இவருடைய அம்மா தவறி எட்டு மாதம் ஆகிறது. இவர் மூத்தவர், ஒரு தம்பி இருக்கிறார். கொள்ளி வைத்தது தம்பி. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்று பல குடும்பங்களில் இருக்கிற வழக்கம்தான். இவர் ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, வண்டிக்குச் சொல்வது, பந்தல், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் என்று ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். அழவே இல்லை. ஒரு தடவை கண் கலங்கியபோது பெரியப்பா ஒருவர், "நீ அழுதா உங்க அம்மா ஆத்மா கிளம்பாதுடா, அடக்கு" என்றாராம். அடக்கிவிட்டார். எல்லோருக்கும் லீவு இல்லை என்பதால் மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு கருமாதியையும் முடித்துவிட்டார்கள். போன வாரம் காய்கறிக் கடையில் யாரோ ஒரு அம்மா சுண்டைக்காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் இவருக்கு அழுகை வெடித்துவிட்டது. நடுக்கடையில், நிறுத்த முடியாமல். இப்போது மூன்று சந்தேகம். நான் அழுததால் அம்மாவுக்குக் கஷ்டமா? தம்பி மட்டும் எப்படிச் சாதாரணமாக இருக்கிறான், அவனுக்குப் பாசம் இல்லையா? வீட்டுக்காரம்மா பரிகாரம் செய்யலாம் என்கிறார், நண்பர் மனநல மருத்துவரைப் பார் என்கிறார், நான் எதைச் செய்வது?

ஐயா, பெரியப்பா சொன்னதை அவர் சும்மா இட்டுக்கட்டவில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்கிற பழைய தர்மசாஸ்திர நூலில், மூன்றாவது அத்தியாயத்தில், அது இருக்கிறது. உறவினர் விடுகிற கண்ணீரையும் சளியையும் இறந்தவர் வேறு வழியில்லாமல் உண்ண நேர்கிறது, ஆகவே அழ வேண்டாம், சக்திக்கு ஏற்றபடி கிரியைகளைச் செய்யுங்கள் என்று வரும். கருட புராணத்திலும் இதே கருத்து உண்டு. ஆனால் இந்த ஒரு வரியைத் தனியாகப் பிய்த்தெடுத்து, இழவு வீட்டில் நிற்கிற பிள்ளையின் வாயை மூடப் பயன்படுத்துகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த வரி எங்கே வருகிறது என்று பாருங்கள். சிதைக்குத் தீ வைத்தாயிற்று. ஆற்றில் குளித்து, இறந்தவருக்கு நீர் விட்டாயிற்று. எல்லோரும் கரையேறி மெத்தென்ற புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது பெரியவர்கள் பழைய கதைகளைச் சொல்லி அவர்களைத் தேற்ற வேண்டும் என்கிறது நூல். மனித வாழ்வு வாழைத்தண்டு மாதிரி, உரித்துக்கொண்டே போனால் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை கிடையாது, நீர்க்குமிழி மாதிரி, என்றெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில்தான் "அழாதீர்கள்" என்று வருகிறது. அதாவது எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறார்கள். அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு "அழாதடா" என்று சொல்கிறோமே, அந்தக் குரல் அது. தடைச் சட்டம் என்று நான் அதைப் படிக்கவில்லை.

அடுத்து என்ன வருகிறது தெரியுமா? சிறுவர்களை முன்னால் விட்டு வீடு திரும்ப வேண்டும், வாசலில் வேப்பிலையைக் கடித்து வாய் கொப்பளித்து உள்ளே போக வேண்டும், விலைக்கு வாங்கியதையோ பிறர் கொடுத்ததையோதான் சாப்பிட வேண்டும், தரையில் படுக்க வேண்டும். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சாப்பாடு வருகிறது அல்லவா, அந்த வழக்கத்துக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். துக்கத்தில் இருக்கிறவனை எந்தப் பொறுப்பும் இல்லாமல் உட்கார வைக்கிறார்கள். உங்களை யாரும் உட்கார வைக்கவில்லை ஐயா. பிரச்சினை அங்கே ஆரம்பிக்கிறது.

சரி, அழுவது குற்றம் என்றால் முதல் குற்றவாளி ராமபிரான்தான். தசரதர் இறந்தது அவருக்கு உடனே தெரியாது. பரதன் அயோத்திக்கு வந்து, தந்தைக்குக் கிரியைகள் எல்லாம் செய்து முடித்து, பிறகு சித்திரகூடம் போய்ச் சொன்ன பிறகுதான் தெரியும். வால்மீகி எழுதுவதைப் பாருங்கள். கேட்டதும் மயங்கி விழுகிறார். தெளிந்ததும் மந்தாகினியில் இறங்கித் தந்தைக்கு நீர் விடுகிறார். காட்டில் என்ன இருக்கும்? இங்குதி என்கிற காட்டுக்காயின் பிண்ணாக்கில் இலந்தையைக் கலந்து பிண்டம் வைக்கிறார். நாங்கள் சாப்பிடுவது இதுதான், நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். இவ்வளவும் முறைப்படி முடிந்து பர்ணசாலைக்குத் திரும்பி வந்த பிறகு, பரதனையும் லட்சுமணனையும் பிடித்துக்கொண்டு அழுகிறார். நான்கு பேரும் சீதையும் சேர்ந்து அழுத சத்தம் மலையில் சிங்கம் கர்ஜித்ததுபோல எதிரொலிக்கிறது. தூரத்தில் இருந்த பரதனுடைய படை அதைக் கேட்டுத் திடுக்கிட்டு, சரி, பரதன் அண்ணனைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, தகப்பனாருக்காக அழுகிறார்கள் என்று புரிந்துகொள்கிறது.

தாமதமாக வந்த அழுகை அது. ஊரே கேட்கிற அழுகை. தசரதர் கரையேறவில்லை என்று எந்த உபன்யாசகராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

மகாபாரதத்தில் பெண்களின் அழுகைக்கென்றே ஸ்திரீ பர்வம் என்று ஒரு பர்வம் இருக்கிறது. பட்டினத்தார் அத்தனையும் துறந்தவர், அம்மாவுக்குத் தீ மூட்டும்போது அவர் பெயரில் வழங்குகிற பாட்டு துறவி பாடுகிற பாட்டாகவா இருக்கிறது? தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படுகிற உணர்ச்சிகளை, சொல்லும்போது அழுகையை ஒன்றாக வைத்து, அது பிறக்கிற நான்கு இடங்களில் ஒன்று இழவு என்கிறது. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்றெல்லாம் இல்லாமல்.

ஒப்பாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கிராமங்களில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வாசலில் நுழையும்போதே குரலெடுத்துக்கொண்டு வருவார்கள், இறந்தவரின் மகளைத் தோளோடு தோளாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாட்டாகவே அழுவார்கள். பாதி நேரம் அவர்கள் அழுவது இந்த இறப்புக்காகவே இருக்காது. பத்து வருஷத்துக்கு முன்னால் போன தன் தாயை, தன்னை அடித்த புருஷனை, ஒதுக்கிவிட்ட அண்ணனை எல்லாம் உள்ளே கொண்டுவந்து அழுவார்கள். நாடகம் என்று நாம் படித்தவர்கள் கேலி செய்தோம். அது ஒரு ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடு பெண்களுக்குத்தான். ஆண்கள் வெளியே பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி எப்போது வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் வழக்கம் ஆண்பிள்ளைகளுக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து.

இப்போது உங்கள் தம்பி. அவருக்குப் பாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அவர் என்ன செய்தார்? மொட்டை போட்டார், ஈரத் துணியோடு நின்றார், வாய்க்கரிசி போட்டார், குடம் உடைத்தார், கொள்ளி வைத்தார், மறுபடி போய் எலும்பு பொறுக்கினார். அம்மா இல்லை என்பதை ஒவ்வொன்றாக அவர் கைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அந்த நேரத்தில் சுடுகாட்டு ரசீதுக்கு நின்றிருப்பீர்கள். அப்புறம் 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும், வங்கியில் நாமினி, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம். கல்யாணத்துக்கு அலைகிறவன் செய்வது போலத்தான் நீங்களும் அலைந்திருக்கிறீர்கள். ஒரே சாவு, ஆனால் நீங்கள் இருவரும் இருந்தது வேறு வேறு இடத்தில்.

மூன்று நாளில் முடித்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். தோஷம் எல்லாம் ஒன்றும் இல்லை, சக்திக்கு ஏற்றபடி என்று அந்த ஸ்லோகமே சொல்கிறது. ஆனால் நஷ்டம் உண்டு. பதினாறு நாள் என்பது பதினாறு நாளும் யாராவது வீட்டுக்கு வந்து கேதம் கேட்பார்கள் என்று அர்த்தம். வருகிற ஒவ்வொருவருக்கும் "ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டாங்க, காலையில எழுப்பினேன்..." என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அலுப்பாக இருக்கும், ஆனால் சொல்லிச் சொல்லித்தான் அது நடந்த விஷயமாக மனசில் உட்காரும். முறையாகச் செய்கிறவர்களுக்கு அதற்குப் பிறகும் மாதாமாதம் மாசிகம், இருபத்தேழாம் நாள், நாற்பத்தைந்தாம் நாள் என்று நடுவில் ஊன மாசிகங்கள், வருஷ முடிவில் ஆப்திகம். முதலில் நெருக்கமாக வைத்து, போகப் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். முதல் வருஷம் தீபாவளி பொங்கல் கிடையாது என்பதும் அப்படித்தான், சிரிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து ஒரு வருஷம் விடுதலை. நம் முன்னோர்கள் மனோதத்துவம் தெரிந்துதான் வைத்தார்கள் என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. அவர்கள் வைத்த காரணம் பித்ரு லோகம் பற்றியது. பலன் இருப்பவர்களுக்கும் கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னும் நான்கு மாதத்தில் தலைத்திவசம் வருகிறது. அதையாவது வீட்டில் செய்யுங்கள். கேட்டரிங்கை விடுங்கள், நீங்களும் தம்பியும் முதல் நாளே வந்து தங்குங்கள். இந்தத் தடவை ஓடுகிற வேலையை மாப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் எள்ளும் தண்ணீரும் விடுகிற இடத்தில் தம்பி பக்கத்தில் உட்காருங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கடையில் அழுததை அவரிடம் போனில் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

மருத்துவர் விஷயம். ஒரு தடவை கடையில் அழுததற்காகப் போக வேண்டியதில்லை. துக்கம் நீண்டுபோவதையும் ஒரு கோளாறாக இப்போது மருத்துவத்தில் சேர்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்கு மேல் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டதே என்று இணையத்தில் படித்துப் பயந்துவிடாதீர்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது. பெரும்பாலான நாட்களில் அந்த ஏக்கமே ஆளை அழுத்தி, வேலை, சாப்பாடு, மனிதர்களோடு பழகுவது எல்லாம் குலைந்து கிடந்தால்தான் அந்தப் பெயர். ஆனால் தூக்கம் போய்விட்டது, குடி கூடிவிட்டது, நானும் போய்விடலாம் என்று தோன்றுகிறது என்றால் அன்றைக்கே பேசுங்கள். 14416 என்று அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். நண்பர் சொன்னது தப்பில்லை, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டார்.

பரிகாரம் தேவையில்லை. அம்மாவை நினைத்து அழுததற்குப் பரிகாரம் செய்து வைக்கிறேன் என்று யாராவது காசு கேட்டால், அவர் வீட்டு வாசலையே மிதிக்காதீர்கள். வீட்டுக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை என்றால், அமாவாசைக்குத் தர்ப்பணம் விடுங்கள், காக்கைக்குச் சோறு வையுங்கள். இரண்டும் எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து, மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.