வெல்டிங் டெஸ்டில் முதலில் தேய்த்து எடுப்பது உங்கள் அழகான பீடு வரியைத்தான்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றை வாசித்த பிறகு மற்றதையெல்லாம் ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். கேள்வி இதுதான்: “வெல்டிங் பயிற்சி முடித்துவிட்டேன். என் பீடு மீன் செதில் மாதிரி வரிசையாக விழுகிறது என்று சொல்லிக்கொடுத்தவரே பாராட்டினார். ஆனால் வேலைக்கான டெஸ்டில் பிளேட்டை வளைத்ததும் ரூட் பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் பயிற்சி எடுத்தால் எனக்கு 6ஜி வரும்?”

நாள் கணக்கு என்னிடம் இல்லை. இருப்பதாக யாராவது சொன்னால் அவர் எதையோ விற்க வந்திருக்கிறார். 6ஜி என்பது சாய்ந்து நிற்கும் குழாயைச் சுற்றி வெல்டு செய்யும் டெஸ்ட், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது கேள்வியின் முன்பாதி. பீடு என்றால் உருகி ஆறிய வெல்டு வரி, ரூட் என்றால் அந்த வெல்டின் அடிப்பகுதி. அழகான பீடு, ஆனால் உள்ளே பிடிக்கவில்லை. இது ஏன் நடக்கிறது?

வளைப்பு டெஸ்டை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பிளேட்டை வெல்டுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக வெட்டுவார்கள். மேலே புடைத்து நிற்கும் கேப்பையும் கீழே துருத்தியிருக்கும் ரூட்டையும் கிரைண்டரில் தேய்த்துப் பிளேட்டோடு சமமாக்குவார்கள். அதாவது, உங்களுக்குப் பாராட்டு வாங்கித் தந்த அந்தப் பீடு டெஸ்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே தூளாகப் போய்விடுகிறது! 10 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் மேல் யூ வடிவத்துக்கு மடக்குவார்கள். கணக்குப் போட்டால் வெளிப்பக்கத்து உலோகம் ஏறக்குறைய 20 சதவீதம் நீள வேண்டியிருக்கிறது. நன்றாக உருகிச் சேர்ந்த இரும்பு நீண்டு கொடுக்கும். சேராத இடம் நீளாது, திறந்துகொள்ளும். ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதிகளின் ஒன்பதாம் பகுதிப்படி, வளைந்த முகத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு திறப்பு இருந்தாலே அந்தப் பட்டை போச்சு.

ஆகவே நான் வழக்கமாகச் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது மனப்பாடமாகியிருக்கும். உடைத்துப் பார்க்காத வெல்டு பயிற்சிக் கணக்கில் சேராது. நூறு பீடு ஓட்டினேன் என்று ஒருவர் சொன்னால், அதில் எத்தனையை உடைத்தீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

உடைப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. இரண்டு பிளேட்டை டீ வடிவத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் மூலையை நிரப்பும் முக்கோண வெல்டு, அதாவது ஃபில்லெட், ஓட்டுங்கள். ஆறிய பிறகு, நிற்கும் பிளேட்டை வெல்டு இருக்கும் பக்கமாகவே சுத்தியலாலோ பிரஸ்ஸிலோ சாய்த்து மடக்குங்கள். அப்போது ரூட் திறக்கும். முகக்கண்ணாடியை மறக்க வேண்டாம், துண்டு தெறிக்கும். உடைந்த பிறகு மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள். நல்ல வெல்டில் உடைந்த முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக, சொரசொரப்பாக இருக்கும். பிளேட்டின் பழைய விளிம்பு எங்கே இருந்தது என்றே தெரியாது.

என்னிடம் பயின்ற ஒரு பையனின் ஃபில்லெட் அச்சில் வார்த்தது போல் இருந்தது. மற்ற பையன்கள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். உடைக்கலாம் என்றேன், அவனுக்கு மனசே இல்லை. இரண்டு அடியில் பிரிந்தது. உள்ளே மூலை நெடுகப் பளபளவென்று ஒரு நேர்கோடு, அதில் ரம்பம் அறுத்த பல் வரிகள் அப்படியே இருந்தன. அந்த விளிம்பை வெல்டிங் தொடவே இல்லை. உருகியிருந்தால் ரம்ப வரி எப்படி மிஞ்சும்? இதற்கு மேல் நான் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவனே ஆம்பியரைக் கூட்டினான், வெல்டிங் ராடுக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் ஆர்க்கைக் குறுக்கினான், அடுத்த துண்டை எடுத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிதாக வருபவர்கள், மெதுவாகப் போனால் சூடு நன்றாக இறங்கும், ஆழமாகப் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். ஓரளவுக்கு மேல் நடப்பது நேர்மாறு. மெதுவாகப் போனால் உருகிய குழம்பு குவிந்து ஆர்க்குக்கு முன்னால் ஓடும். அப்போது ஆர்க் அடிப்பது பிளேட்டின் மேல் இல்லை, குழம்பின் மேல். பிளேட் சும்மா சூடாகிறது, உருகுவதில்லை. கூடவே கசடும் முன்னால் ஓடி மூலையில் சிக்கிக்கொள்ளும். ஆனால் மேலே பார்த்தால் தடிமனான, வழவழப்பான பீடு! கேள்வி கேட்டவரின் பிளேட்டில் நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

இரண்டு பிளேட்டை விளிம்போடு விளிம்பு வைத்துச் சேர்க்கும் பட் ஜாயின்ட்டில் ரூட் ஓட்டும்போது பார்க்க வேண்டியது கீஹோல். இரண்டு பிளேட்டின் விளிம்பும் சேர்ந்து உருகும்போது முன்னால் ஒரு சின்ன ஓட்டை தெரியும். அது மூடிக்கொண்டால் ரூட் மறுபக்கம் போகவில்லை. பெரிதாகிக்கொண்டே போனால் இதோ பொத்துக்கொள்ளப் போகிறது. அதை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் ரூட் ஓட்டும் வேலையே. ஆனால் இடைவெளி ஒரு முனையில் 3 மில்லிமீட்டரும் இன்னொரு முனையில் ஒன்றரையுமாக இருந்தால், எப்பேர்ப்பட்ட கைக்கும் அது நிலையாக நிற்காது. அதனால்தான் பாதி டெஸ்ட் ராடை ஹோல்டரில் மாட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று சொல்கிறேன். விளிம்பில் துருவும் பெயின்ட்டும் போய் வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். பிளேட்டை நகராமல் பிடிக்கும் சின்ன வெல்டான டேக் வைத்த பிறகு அதன் இரண்டு முனைகளையும் சரிவாகத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். தேய்க்காத டேக்கின் மேல் போய் ஏறும்போது கீஹோல் மூடிக்கொள்ளும், அந்த இடத்தில்தான் ரூட் சேராமல் நிற்கும். வளைத்தால் அதுதான் முதலில் திறக்கும்.

ராடு விஷயம் தனியாகப் பேசியிருக்கிறோம், ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகிறேன். 7018 ராடு ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போனால், கடினமான எஃகில் விரிசல் விடும். அதுவும் உடனே இல்லை, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட வரும். அதனால் பெட்டியைத் திறந்த பிறகு 120 டிகிரிக்குக் குறையாத சூட்டடுப்பில் வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு ஒருவர் 6010 ராடையும் கவனமாக அதே அடுப்பில் அடுக்கிவிட்டார். ஐயா, அந்த ராடின் பூச்சு செல்லுலோஸ், அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். காய்ந்துபோனால் ஆர்க்கே சரியாக நிற்காது. எல்லா ராடுக்கும் ஒரே மரியாதை கிடையாது.

சரி, 6ஜி. குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் நிறுத்தி, சுற்றி வந்து வெல்டு செய்வது. கீழ்ப்பக்கம் தலைக்கு மேல் ஓட்டுவது போலவும், பக்கவாட்டில் செங்குத்தாகவும், மேலே படுக்கையாகவும் எல்லா நிலையும் ஒரே குழாயில் வந்துவிடும். அதனால்தான் ஏஎஸ்எம்இ விதிப்படி 6ஜி தேறியவர் எல்லா நிலையிலும் வெல்டு செய்யலாம். ஆனால் அது நிலைக்கு மட்டும்தான். எந்த முறையில் ஓட்டினீர்கள், எத்தனை கனம், எவ்வளவு விட்டம், என்ன ராடு, எல்லாவற்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு. இன்னொன்று, அந்த முறையில் ஆறு மாதம் வெல்டு செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி. வெல்டர் தகுதிக்கான சர்வதேச விதியான ஐஎஸ்ஓ 9606-லும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் தொடர்ந்து வேலை செய்கிறார் என்று உறுதி செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே 6ஜி வந்துவிட்டது என்று சட்டம் போட்டு மாட்டி வைக்கும் சமாசாரம் இல்லை இது.

உண்மையில் கேள்வி கேட்டவர் இப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்: சேருவதற்கு முன் ஒரு பயிற்சி இடத்தை எப்படி எடை போடுவது? எத்தனை மெஷின், என்ன பிராண்ட், சுவரில் எத்தனை சான்றிதழ் என்று பார்ப்பார்கள். நான் நேராகக் கழிவு இரும்புப் பெட்டிக்குப் போவேன். அதில் கிடக்கும் துண்டுகளைக் கையால் கிளறிப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டுதான். யூ வடிவத்தில் வளைந்த பட்டைகள், இரண்டாகப் பிரிந்த டீ துண்டுகள், குறுக்கே அறுத்து, உள்ளே உருகியது தெரிய ஆசிட் தடவிய துண்டுகள் கிடந்தால் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். முழுப் பிளேட்டும் வரிவரியாகப் பீடு, ஒன்றுகூட உடையவில்லை என்றால் அங்கே ராடு எரிகிறது, அவ்வளவுதான். அழகான துண்டுகளை எல்லாம் மேசைமேல் காட்சிக்கு வைத்து, கழிவுப் பெட்டியைப் பூட்டி வைத்திருந்த ஓர் இடத்தையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அங்கேயே புகை உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கூரையில் இருந்தால், புகை உங்கள் மூக்கைத் தாண்டித்தான் அங்கே போகும். ஆர்க்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017-ல் முதல் பிரிவில் சேர்த்தது. இதில் பேரம் கிடையாது.

அடுத்து, அங்கே டிராயிங் வாசிக்கச் சொல்லித் தருகிறார்களா? வெல்டரும், டிராயிங் பார்த்து இரும்பை வெட்டி இணைக்கும் ஃபேப்ரிகேட்டரும் வேறு வேறு ஆள் என்று நினைக்கிறார்கள். டிராயிங்கில் ஃபில்லெட் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். நம் ஆள் பலமாக இருக்கட்டும் என்று 8 வைப்பார். இரண்டு மில்லிமீட்டர்தானே? முக்கோணத்தின் பரப்பைப் போட்டுப் பாருங்கள். 6-க்கு 18 சதுர மில்லிமீட்டர், 8-க்கு 32. முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் ராடு, கூடுதல் நேரம், அதற்கேற்ற சூடு. அந்தச் சூட்டில் வெல்டு சுருங்கும்போது பிளேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நேராக வைத்த ஃபிரேம் கோணிக்கொள்ளும். அப்புறம் அதை நிமிர்த்த ஒரு நாள் போகும். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இதற்காகவே ஒரு பிளேட்டை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து டேக் வைக்கச் சொல்வார்கள். வெல்டு இழுத்த பிறகு எவ்வளவு திரும்பி வந்தது என்று மட்டம் வைத்து அளக்கச் சொல்வார்கள். ஒரு துண்டில் அளந்தால் போதும், அந்தக் கை அதற்குப் பிறகு அளவுக்கு மேல் ராடு வைக்காது.

கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். குழாய்ப் பக்கமே போக வேண்டாம். டீ துண்டு ஓட்டுங்கள், உடையுங்கள். ரம்ப வரி தெரிந்தால் ஆம்பியர், ஆர்க் நீளம், ராடின் சாய்வு, வேகம் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடியும் உடையுங்கள். நாலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் ஆம்பியரை எழுதி வையுங்கள். உடைந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். டார்ச் லைட்டை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள், அப்போதுதான் உருகாத கோடு படத்தில் விழும். அடுத்த கேள்வி டிக் வெல்டிங்கில் டங்ஸ்டன் கறுத்துப்போவது பற்றி, அதை அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன்.