சங்கத்து அக்கா

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளியிலிருந்து வெருகல் வரையுள்ள ஊர்களில் பெண்களுக்குக் காணிக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து, ‘சங்கத்து அக்கா’ என்று அழைக்கப்பட்டு, அண்மையில் எம்மை விட்டுப் பிரிந்த ஒரு தாயைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைக் கேட்டிருந்தார்கள். “அம்மான்ர பேர் வேண்டாம், அவ செய்த வேலையைச் சொல்லுங்கோ” என்று அவருடைய பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால், நானும் ஊர் வைத்த அந்தப் பெயராலேயே அவரைக் குறிப்பிடுகிறேன்.

1964ஆம் ஆண்டு டிசம்பரில் திருகோணமலைக் கரையை மோதி, பின்னர் தனுஷ்கோடியையும் அழித்த புயலின்போது அக்கா பள்ளிக்கூடச் சிறுமி. கூரை பறந்த வீட்டை விட்டுப் பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த நாட்களில், தன் தாயார் அயல் வீட்டுப் பெண்களைச் சேர்த்து ஒரே அடுப்பில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சியதைப் பார்த்ததாக அவர் சொல்வார். பிற்காலத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அவர் சேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்று பேருந்தில் ஏறினால் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து மூதூருக்குப் போய்விடலாம். அந்தப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் தரைவழியாகப் போகிறவர்கள் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். இல்லையென்றால் திருகோணமலையில் லோஞ்ச் என்கிற பயணிகள் படகில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். வாடைக் காலத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்பது கரையோர மக்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் பாதையும் லோஞ்சும் ஓடாத நாட்களில், மீன்பிடி வள்ளத்தில் இடம் கேட்டு ஏறிப் போகிற பெண்ணாக அக்கா இருந்தார். ஒருமுறை நடுக்கடலில் இயந்திரம் நின்று வள்ளத்துக்குள் அலை அடித்தபோது, படிவங்கள் இருந்த பன் பையை வள்ளக்காரரின் மகனிடம் கொடுத்துத் தலைக்கு மேலே பிடிக்கச் சொல்லிவிட்டு, கரை தெரியும்வரை தண்ணீர் இறைத்தாராம். “நாங்கள் நனைஞ்சால் காயலாம், மை கரைஞ்சால் திரும்ப எழுத ஏலாது” என்பது அவருடைய பேச்சு.

அவர் மூன்று பிள்ளைகளின் தாய். கணவர் கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தில் எழுதுநராக இருந்து, பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே நோயினால் இறந்துபோனார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால், ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளின் முன்பாரில் துணியைச் சுற்றிக் கட்டி இளையவளை அதில் இருத்திக்கொண்டு, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை மிதித்துப் போவார். “மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் பின்னேரம் வீட்டில் இருந்தார்கள், எங்கள் அம்மா இருக்கவில்லை” என்று மூத்த மகள் என்னிடம் சொன்னபோது, அந்தக் குரலில் பழைய கோபம் கொஞ்சம் மீதமிருந்தது. அதை மறைத்து அவரைக் குறையற்ற தாயாகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அக்காவே அதை அறிந்திருந்தார். சுருட்டிய பாயும் சோற்றுப் பெட்டியுமாகப் பிள்ளைகளை இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்கு அழைத்துப் போய், அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்ததும் அதனால்தான்.

அவருடைய வாழ்க்கையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது, 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளுக்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றியே. உணவும் உடையும் கொண்டுவரப் பலர் வந்தார்கள். அக்கா கையில் எடுத்தது வேறொன்று. நம் கிழக்கில், தமிழரிடையேயும் முஸ்லிம் மக்களிடையேயும், பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பதும், கல்யாணம் முடித்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் பெருவழக்கு. ஆகவே கடல் கொண்டுபோன வீடுகளில் மிகப் பல பெண்களுக்குச் சொந்தமானவை. ஆனால் வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்து, குடும்பங்களுக்கு வேறிடத்தில் காணி பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, படிவத்தில் இருந்த கேள்வி ‘குடும்பத் தலைவர் யார்’ என்பதாக இருந்தது. அந்தக் கோட்டில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. பெண் வழியாக வந்த சொத்து, ஒரே கையெழுத்தில் ஆணின் பெயருக்கு மாறிப் போனது. முழுதாக இடிந்த வீட்டுக்கென்று அறிவிக்கப்பட்ட 250,000 ரூபாயும் அநேகமாக அதே வழியில் போனது.

ஒரு முகாமில் வேப்பமர நிழலில் நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஓர் இளந்தாய், மடியில் குழந்தையோடு, படிவத்தை நீட்டினார். அக்கா பேனாவைத் திறக்காமலே கேட்டார்: “பிள்ளை, கடலுக்குப் போன வீடு ஆற்ற பேரில இருந்தது?” “என்ர பேரிலதான் அக்கா. அம்மா சீதனமாத் தந்தது.” “அப்ப ஏன் இதில அவற்ற பேர்?” அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கணவரும் தலையைச் சொறிந்துகொண்டு, “அவையள் அப்பிடித்தான் கேட்டவை அக்கா” என்றார். அவர்மேல் அக்காவுக்குக் கோபமே வரவில்லை. நீலக் கார்பன் தாளை நடுவில் வைத்து, காணி உறுதிப் பத்திரம் எப்போது முடிக்கப்பட்டது, எந்த நொத்தாரிசு, வளவின் நான்கு எல்லையிலும் யார் யார் குடியிருந்தார்கள் என்று விசாரித்து எழுதி, எல்லைக்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி இணைத்தார். உறுதி கடலோடு போயிருந்தாலும் அயலவரின் நினைவு போகவில்லை என்பதே அவருடைய வாதம்.

அந்தக் கடிதத்தோடு அவர் போன ஓர் அலுவலகத்தில், பெர்மிட்டில், அதாவது அரச காணிக்கான அனுமதிப் பத்திரத்தில், கணவன் மனைவி என இரண்டு பெயர் எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். “இரண்டு பேருக்கு இடமில்லையென்றால் ஒரு பெயரை எழுதுங்கோ, காணிக்காரியின் பெயரை எழுதுங்கோ” என்று கேட்டுவிட்டு, மறுமொழி கிடைக்கும்வரை வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். சில பெர்மிட்டுகள் பெண்களின் பெயரில் வந்தன. பல வரவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெர்மிட்காரர் வாரிசை நியமிக்காமல் இறந்தால் வாரிசுரிமையில் மகன்மாருக்கே முதலிடம் இருந்ததால், ஒருமுறை கைமாறிய காணி அடுத்த தலைமுறையிலும் பெண்ணுக்குத் திரும்பி வரும் வழி குறைவு என்பதை அவர் கூட்டத்துக்குக் கூட்டம் விளக்குவார். அந்த ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. செய்தியைக் கேட்டபோது அக்கா படுக்கையில் இருந்தார். “பழைய பெர்மிட்டுகளுக்கு என்ன செய்யப் போகினம்?” என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

2006இல் சம்பூர் மக்கள் சண்டையால் இடம்பெயர்ந்தபோதும், அவர்களில் பலர் பின்னர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தபோதும், முதுமையோடும் முழங்கால் வலியோடும் அங்கே போய் அதே கேள்வியைத்தான் கேட்டார்: வீடு ஆற்ற பேரில இருந்தது?

அவர் எழுதிய கடிதங்களின் கார்பன் பிரதிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. முன்பாரில் இருந்து பயணம் செய்த இளைய மகள், இப்போது அவற்றை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் தாயாருக்கோ பாட்டியாருக்கோ அக்கா காணிக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால், எல்லையும் சாட்சிகளின் பெயரும் அதில் இருக்கும். சங்கக் கட்டடத்தில் கேட்டு அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போகும்போது அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.